கைப்பைக்குள் அரைக் கிலோ தைரியம்

தில்லியை ஒட்டி, உத்தரப் பிரதேச எல்லைக்குள் குடியிருக்கும் நம்மூர்க் குடும்பங்களில் ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. முன்பெல்லாம் நாலு பேர் கூடினால் நல்ல புழுங்கல் அரிசி எந்தக் கடையில், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் கன்ஃபர்ம் ஆச்சா, பையனுக்குத் தமிழ் எழுத வருதா என்றுதான் பேசுவோம். இப்போது, "ரிவால்வர் லைசென்ஸுக்கு எழுதிப் போடலாம்னு இருக்கேன். கொஞ்சம் சின்னதா வாங்கறதா, ரொம்பச் சின்னதா வாங்கறதா?" என்கிறார்கள். நான் ரைஃபிள் கிளப்புக்குப் போகிறவன் என்பதால் கேள்வி என் தலையில் வந்து விழுகிறது. இரண்டு மாதத்தில் மூன்று பேர் கேட்டாயிற்று. தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பதில் முதலில். இரண்டும் வேண்டாம். அதிலும் அந்த 'ரொம்பச் சின்னது' வேண்டவே வேண்டாம்.

உடனே அகிம்சை உபதேசம் என்று நினைத்து ஓடிவிடாதீர்கள். எனக்குத் துப்பாக்கி பிடிக்கும். காலேஜில் என்.சி.சி.யில் .22 ரைஃபிளில் ஆரம்பித்த கிறுக்கு, இன்னும் விடவில்லை. பிழைப்புக்கு இயந்திர வடிவமைப்பு. எனவே நான் பேசப்போவது நீதிக்கதை இல்லை, கணக்கு.

முதலில் இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். இது அமெரிக்காவில் பிறந்த கேள்வி. அங்கே இடுப்பில் துப்பாக்கியைச் சட்டையால் மறைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறவர்கள் ஏராளம். அதனால் சட்டையில் மீடியம், ஸ்மால் பார்ப்பது மாதிரி, கைத்துப்பாக்கியிலும் காம்பாக்ட், சப்-காம்பாக்ட் என்று அளவு பிரித்து விற்கிறார்கள். க்ளாக் கம்பெனியின் 19 என்ற மாடல் காம்பாக்ட். குழல் 102 மி.மீ., வழக்கமான மேகஸினில் 15 தோட்டா. 26 என்ற மாடல் சப்-காம்பாக்ட். குழல் 87 மி.மீ., 10 தோட்டா. இந்த ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசத்தைப் பற்றி யூட்யூபில் மணிக்கணக்கில் பேச ஆள் இருக்கிறது. நம்மவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வருகிறார்கள்.

ஐயா, அந்த இரண்டுமே 9 மி.மீ. தோட்டா போடுகிறவை. இந்தியாவில் அது தடை செய்யப்பட்ட போர். போலீஸுக்கும் ராணுவத்துக்கும் உண்டு, உங்களுக்கும் எனக்கும் சாதாரணமாகக் கிடைக்காது. வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்து பொதுமக்களுக்கு விற்பதும் 1980களின் நடுவிலேயே நின்றுபோன சமாசாரம். பழைய சரக்கு கைமாறுவது உண்டு, விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

நமக்கென்று இருப்பது பெரும்பாலும் .32 போர். அதில் 'கொஞ்சம் சின்னது' என்றால் சுமார் 700 கிராமில் வரும் பழைய அரசுத் தொழிற்சாலை ரிவால்வர், இல்லாவிட்டால் 2023 ஆகஸ்டில் கான்பூரிலிருந்து வந்த பிரபல் என்ற ரிவால்வர். 'ரொம்பச் சின்னது' என்று இவர்கள் சொல்வது 2014 ஜனவரியில் வெளியான நிர்பீக். எடை சுமார் 500 கிராம், அன்றைய விலை 1,22,360 ரூபாய். அதைவிடவும் சின்னது வேண்டுமென்றால் இஷாப்பூர் தொழிற்சாலையின் நிடர். .22 போர், 250 கிராம். நம் வீட்டுச் சமையலறையில் சேவை நாழி இதைவிடக் கனம்.

நிர்பீக், நிடர் இரண்டுக்கும் ஹிந்தியில் பயமில்லாதவர் என்று பொருள். பயந்தவனுக்கு விற்கிற பொருளுக்கு இப்படிப் பெயர் வைத்தவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

நிர்பீக் எப்படி விற்கப்பட்டது என்பது நினைவிருக்கிறதா? 2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பஸ்ஸில் அந்தக் கொடுமை நடந்து, நாடே தெருவுக்கு வந்தது. அடுத்த 13 மாதத்தில், அந்தப் பெண்ணுக்கு ஊடகங்கள் வைத்த புனைபெயரை நினைவூட்டும் பெயரோடு, பெண்களுக்கான ரிவால்வர் என்று இதை வெளியிட்டார்கள். நகைப்பெட்டி மாதிரி ஒரு மெரூன் பெட்டியில் வைத்து! பிரபல் வந்தபோதும் அதே பாட்டு: லேசானது, பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். லேசு என்றால் சுலபம் என்று நம்மை நம்ப வைப்பதுதான் இந்த வியாபாரத்தின் அஸ்திவாரம். அந்த அஸ்திவாரம்தான் பொய்.

எப்படி என்று பார்ப்போம். ப்ளஸ் டூ பௌதிகம் போதும்.

ஒன்று, உதைப்பு. தோட்டா முன்னால் போனால் துப்பாக்கி பின்னால் வரும், நியூட்டன் சொன்னதுதான். ஒரே தோட்டாவை 700 கிராம் ரிவால்வரிலும் 500 கிராம் ரிவால்வரிலும் போட்டுச் சுட்டால், இரண்டாவது 1.4 மடங்கு வேகத்தில் கையை உதைக்கும். எடையைக் குறைத்தது நீங்கள் தூக்கிக்கொண்டு நடப்பதற்குத்தான் வசதி. சுடுகிற அந்த ஒரு நொடிக்கு அது அசௌகரியம். பிடியும் குட்டையாக இருந்தால் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது. சுண்டுவிரல்தானே என்று நினைக்காதீர்கள். சுத்தியலை மூன்று விரலில் பிடித்து ஆணி அடித்துப் பாருங்கள், தெரியும்.

இரண்டு, விசை. ரிவால்வரில் சுத்தியலை முன்கூட்டியே இழுத்து வைக்காமல் நேரடியாக விசையை அழுத்திச் சுடுவதென்றால், பொதுவாக 4, 5 கிலோ இழுப்பு தேவைப்படும். அவசரத்தில் எல்லோரும் அப்படித்தான் சுடுவார்கள். அரைக் கிலோ பொருளை அந்தரத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலால் அதன்மேல் 5 கிலோ இழுக்க வேண்டும். துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவு சுலபமாக அந்த இழுப்பில் திரும்பிக்கொள்ளும். லேசாகச் செய்ததால் யாருக்கு லாபம்?

மூன்று, குறி. முன்னால் ஒரு முனை, பின்னால் ஒரு பள்ளம், இரண்டையும் நேர்கோட்டில் வைத்தால் குறி. இரண்டுக்கும் இடையில் 15 செ.மீ. இருக்கும்போது 1 மி.மீ. பிசகினால், 7 மீட்டர் தொலைவில் தோட்டா சுமார் 4.7 செ.மீ. தள்ளிப் படும். இடைவெளி 10 செ.மீ.தான் என்றால் அதே 1 மி.மீ. பிசகு, அதே தொலைவில் 7 செ.மீ. ஆகிவிடும். இது கை நடுங்காதவனுக்குப் போட்ட கணக்கு. இருட்டில், எதிரே ஒருவன் நிற்க, நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது எத்தனை மில்லிமீட்டர் பிசகும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தவறிய தோட்டா காற்றில் கரைந்து போவதில்லை. அபார்ட்மென்டில் அது யாருடைய ஜன்னலுக்கோ போகிறது.

ஆக, சின்னத் துப்பாக்கி என்பது கைதேர்ந்தவனுக்கான கருவி. அதைத்தான் புதிதாகத் தொடுகிறவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு என்று, நகைப்பெட்டியில் வைத்து நீட்டுகிறார்கள். சைக்கிள் பழகாதவரைச் சர்க்கஸ் ஒற்றைச் சக்கரத்தில் ஏற்றி, "பாருங்க, எவ்வளவு லேசு" என்பது போல.

"அப்போ கொஞ்சம் பெரிசா வாங்கிப் பழகிக்கறேன்" என்பீர்கள். பழகத் தோட்டா வேண்டும். ஒரு சமயத்தில் எத்தனை, வருஷத்துக்கு எத்தனை என்று வரம்பு போட்டுத்தான் லைசென்ஸ் தருவார்கள். அதற்குள் சுட்டுப் பழகி, மிச்சத்தைக் கையிலும் வைத்துக்கொள்ள வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய தோட்டாவைப் பழகுவதற்கென்று செலவழிக்க நம் மனசு கேட்காது. நிஜத்தில் நடப்பது என்ன? வாங்கிய வாரம் நாலு தோட்டா சுட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் பீரோ, லாக்கர், ஆயுத பூஜைக்கு ஒரு பொட்டு. இதுதான் நான் இங்கே பார்த்த முக்கால்வாசி ரிவால்வர்களின் ஜாதகம்.

சரி, எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 2016ஆம் வருட ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலோ பையிலோ முழுக்க மறைத்துத்தான் எடுத்துப் போகலாம். அதாவது, அமெரிக்கக்காரன் தனியாகப் பெயர் வைத்துப் பேசும் மறைத்துக் கொண்டுபோவது இங்கே சட்டப்படியே கட்டாயம். ஆனால் எங்கே கொண்டுபோவீர்கள்? மெட்ரோ வாசலில் சோதனை, மால் வாசலில் சோதனை, சினிமாவுக்குப் போனால் சோதனை, ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி. நம்மைப் போன்றவர்களின் ஒரு நாளில் துப்பாக்கியோடு நுழையக்கூடிய இடம் என்று பார்த்தால் வீடும் காரும்தான். கடைசியில் அது கார் டாஷ்போர்டில் கிடக்கும். கார் கண்ணாடியை உடைத்துத் திருடுவது இந்தப் பக்கம் எவ்வளவு சகஜம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கைப்பையில் வைக்கலாமே என்றால், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்தப் பக்கத்துப் பெண்களின் பயம் எதைப் பற்றி? பைக்கில் வருகிறவன் சங்கிலியை அறுத்துக்கொண்டோ பையைப் பிடுங்கிக்கொண்டோ போவதைப் பற்றி. அது மூன்று நொடி வேலை. ஜிப்பைத் திறந்து, சாவிக்கொத்து, டிபன் பாக்ஸ், குடை எல்லாவற்றையும் விலக்கி, ரிவால்வரைத் தேடி எடுப்பதற்குள் அவன் அடுத்த சிக்னலைத் தாண்டியிருப்பான். அவன் பிடுங்கியதே கைப்பை என்றால் ரிவால்வரும் சேர்ந்து போயிற்று. நேற்றுவரை வெறுங்கையோடு திரிந்த திருடனுக்கு ஆயுதம் தானம் செய்த புண்ணியம் உங்களுக்கு. அப்புறம் ஸ்டேஷனில் உட்கார்ந்து ஹிந்தியில் விளக்கம் எழுதிக் கொடுங்கள்.

ஓடுகிறவன் முதுகில் சுட்டால்? தற்காப்பு உரிமை சட்டத்தில் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்ற வரம்பும் இரண்டிலும் உண்டு. மூன்று பவுன் சங்கிலிக்காக ஓடுகிறவனைச் சுட்டுவிட்டு, தேவைக்கு உட்பட்டுத்தான் சுட்டேன் என்று நிரூபிக்க எத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலைவீர்கள்? இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது உங்கள் வேலை?

இன்னொன்று. குழந்தைகள் உள்ள வீட்டில் அம்மாவின் கைப்பை என்பது என்ன? சாக்லேட் இருக்கிற இடம். சில்லறை இருக்கிற இடம். கேட்காமல் கைவிடலாம் என்று குழந்தை நம்பும் ஒரே பை அதுதான். நான் இதற்கு மேல் எழுதவில்லை.

நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கென்று தனியாகச் சில தலைவலிகள் உண்டு. மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டால் ஒரு மாதம் ஊருக்குப் போவோம். அப்போது துப்பாக்கி எங்கே? ஆளில்லாத ஃப்ளாட்டில் விட முடியாது. லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று பார்க்காமல் ரயிலில் எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போக முடியாது. ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரலாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல் வந்தால் புது மாவட்டத்தில் முகவரி மாற்ற அலைய வேண்டும். கேஸ் இணைப்பு மாற்றுவதற்கே நாக்குத் தள்ளுகிற நமக்கு இது தேவையா? அதோடு, ரங்கமணி டூரில் இருக்க, தங்கமணியும் வயசான மாமனாரும் இருக்கும் வீட்டில், லைசென்ஸ் ரங்கமணி பேரில். ஆபத்து வரும்போது லைசென்ஸ்காரர் புனேவில் ரெவ்யூ மீட்டிங்கில் இருப்பார்.

"இங்கே எல்லாரும் வச்சிருக்காங்க சார்" என்கிறார்கள். உண்மைதான். 2016 முடிவில் உள்துறை அமைச்சகத்தின் கணக்கில் நாடு முழுக்க இருந்த துப்பாக்கி லைசென்ஸ் 33.69 லட்சம். அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22,532. அவர்கள் ஜனத்தொகை நம்மைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, லைசென்ஸோ ஐம்பது மடங்குக்கு மேல். துப்பாக்கியால் பத்திரம் வருமென்றால், இந்தியாவிலேயே பத்திரமான ஊர் நாம் இப்போது குடியிருக்கும் ஊராக இருக்க வேண்டும். அப்படியானால் உங்களுக்கு ஏன் சார் பயம்?

இங்கே துப்பாக்கி பாதிக்குமேல் கௌரவச் சின்னம். கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு. வானத்தைப் பார்த்துச் சுட்டது எப்போதும் வானத்துக்கே போவதில்லை. 2016 டிசம்பரில் பஞ்சாபின் மௌர் மண்டியில் கல்யாண மேடையில் ஆடிக்கொண்டிருந்த இளம்பெண் அப்படித்தான் குண்டுபட்டு இறந்தார். 2019ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, இப்படிக் கொண்டாட்டத்துக்குச் சுட்டால் 2 வருஷம் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று தனியாக எழுத வேண்டிவந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரோடு ஒத்து வாழ் என்றார்கள். ஊருக்குள்ள கெட்ட வழக்கத்தையும் தவணையில் வாங்கச் சொல்லவில்லை.

பெண்கள் பாதுகாப்புக்கு என்கிற வாதத்துக்கு வருகிறேன். கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் லட்சக்கணக்கான குடும்பங்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2022ல் வெளியானது. தன்னிடம் துப்பாக்கி இல்லாமல், கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வசிப்பவர்கள் கொலையாகும் விகிதம், துப்பாக்கி இல்லாத வீட்டில் இருப்பவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். கணவனாலோ துணைவராலோ சுடப்பட்டுச் சாகும் விகிதம் ஏழு மடங்கு. அப்படிச் செத்தவர்களில் 84 சதவீதம் பெண்கள். அமெரிக்கா வேறு, நாம் வேறு என்பீர்கள். கோபமும் குடியும் அங்கே மட்டும் விளைகிறதா? வீட்டுக்குள் இருப்பவர்களுக்காக வாங்கிய துப்பாக்கி, வீட்டுக்குள் இருப்பவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

யாருக்குமே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டில் இருப்பவர், தினம் ரொக்கத்தோடு போகிற பெட்ரோல் பங்க்காரர், நிஜமான கொலை மிரட்டல் உள்ளவர் என்று சிலருக்குத் தேவை இருக்கலாம். அவர்களுக்கு என் பதில்: கனமானதை, கைக்கு முழுப் பிடி உள்ளதை வாங்குங்கள். உறைக்குத் தாராளமாகச் செலவு செய்யுங்கள். வாராவாரம் பழகுங்கள். வீட்டில் இரும்புப் பெட்டியில் பூட்டிச் சாவியை உடம்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒன்று முடியாது என்றாலும் வாங்காதீர்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு ஆணி பிடுங்கி முடித்து வீட்டுக்கு வந்து சீரியல் பார்க்கிற சாஃப்ட்வேர்க்காரருக்கு இதில் ஒன்றுகூட முடியாது.

எனக்கு உண்மையான கோபம் வாங்குகிறவர்கள் மேல் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை, ரோந்து வருவதில்லை, புகார் கொடுக்கப் போன பெண்ணிடம் அந்நேரத்துக்கு ஏன் வெளியே போனாய் என்று கேட்கிறார்கள். இதையெல்லாம் சரிசெய்ய வேண்டிய அரசாங்கத்தின் தொழிற்சாலையே, "இந்தாம்மா, 1,22,360 ரூபாய் கொடுத்து நீயே பார்த்துக்கொள்" என்று ரிவால்வரை நீட்டியது. அந்தக் காசு இல்லாத பெண்? நம் வீட்டில் பாத்திரம் கழுவிவிட்டு இருட்டில் நடந்து போகும் பெண்ணுக்கு எந்தப் பெட்டியில் என்ன நிறத்தில் பாதுகாப்பு வரும்? வரி கட்டி வாங்க வேண்டிய பாதுகாப்பை, கடையில் தனியாக வாங்கிக்கொள்ள நாம் சம்மதித்துவிட்டால், அப்புறம் அதைத் தரச்சொல்லிக் கேட்க யார் இருக்கிறார்கள்?

அதே ஒன்றே கால் லட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலுக்குக் கிரில் கதவு, ஒரு கேமரா, மாடிப்படியில் நல்ல விளக்கு, பெண்கள் கையில் மிளகு ஸ்ப்ரே. எல்லாம் போக நாலு பேர் ஊருக்குப் போய்வரக் காசு மிஞ்சும். 112, உத்தரப் பிரதேசத்தில் பெண்களுக்கான 1090, இரண்டையும் வீட்டில் எல்லோர் போனிலும் போட்டு வையுங்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நம்மவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து சமோசா தின்றுவிட்டு வருவதை நிறுத்தி, எரியாத கம்பங்களின் எண்களை எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள். இதில் எந்தக் கௌரவமும் இல்லை, படம் எடுத்துப் போடவும் முடியாது. ஆனால் வேலை செய்யும்.

இத்தனைக்குப் பிறகும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு சவால். ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு வாருங்கள். ரிவால்வர்கூட வேண்டாம், ஏர் பிஸ்டலைத் தருகிறேன். எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ, விசை வெறும் அரைக் கிலோ, உதைப்பு இல்லை, எதிரே யாரும் கத்தியோடு நிற்கவில்லை, மேலே ஃபேன் ஓடும். 10 மீட்டரில் ஓர் அட்டை, நடுவில் சுமார் 6 செ.மீ. கறுப்பு வட்டம். பத்துக்கு எட்டு அதற்குள் விழட்டும். அப்புறம் உட்கார்ந்து சின்னதா, ரொம்பச் சின்னதா என்று பேசலாம். டீ என் செலவு.